லேடீஸ் துவக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கூடுகிற ஆண்களுக்குத் துவக்கைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை. எது எவ்வளவு தூரம் சுடும், எது மழைக்குள் இறுகும், எது சேற்றுக்குள் போட்டு எடுத்தாலும் வெடிக்கும் என்று ஆட்டிறைச்சிப் பொரியலைச் சப்பிக்கொண்டே மத்தியானம் முழுக்கக் கதைப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தால், யுத்தத்தை இவர்கள்தான் நடத்திவிட்டு இடையில் பசிக்கு எழும்பிக் கனடாவுக்கு வந்தவர்கள் என்று தோன்றும். ஆனால் துவக்கு ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய தேவை அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. நான் ஐந்தடிகூட இல்லை. குளிருக்குக் கையுறை வாங்கப் போனால் கடைக்காரி என்னைச் சிறுபிள்ளைகளின் பகுதிக்கு அனுப்புவாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் சீருடையைக் கண்டு வேலி பாய்ந்த எங்கள் ஆட்களுக்கு ரொறன்ரோ ஒரு சீருடையை மாட்டிக் கட்டடங்களுக்குக் காவல் வைத்திருந்தது. நானும் ஒரு அடுக்குமாடியின் வாசலில், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், பின்னேரச் சிஃப்டில் குந்தியிருந்தேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் நான் பஸ்ஸில் இருப்பேன். நான் திரும்பி வருகிற நேரம் அவள் நித்திரை. விடிய எழுப்பி, அரைக்கண்ணோடு நிற்கிற பிள்ளைக்குப் பல்லுத் தீட்டி, ஜக்கெற் போட்டு, சப்பாத்துக் கட்டி அனுப்புகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் தாய். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு அக்காதான்.

அக்கா என்றது என் கணவரின் தமையனுடைய மனைவியை. தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அஜின்கோர்ட்டில் இருந்த அவர்களுடைய வீட்டின் பேஸ்மென்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா மிகவும் நல்லவர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் நாலு சொல்லுச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போயிருப்பேன். ஒருநாள் காலை, நான் குனிந்து மகளுக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் என் தலைக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்து, "அம்மா, என்ரை தொப்பி எங்கை?" என்று கூப்பிட்டாள். மேலேயிருந்து அக்கா, "சோபாவிலை கிடக்கு, குஞ்சு" என்றார். கூப்பிட்டவளும் தடுமாறவில்லை, பதில் சொன்னவரும் தடுமாறவில்லை. தடுமாறியது நான்தான், கட்டிய சப்பாத்தையே அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

அந்தக் கிழமையே பகல் வேலை தேடத் தொடங்கினேன். ஆங்கிலம் அரைகுறை, ஊரில் படித்த படிப்புக்கு இங்கே மதிப்பில்லை, இருந்த ஒரே அனுபவம் வாசலில் குந்தியிருந்தது. கடைசியில் அகப்பட்டது ஒன்றுதான். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்குகிற கவச வானில் காவலாளி வேலை. காலையில் போனால் பின்னேரம் வந்துவிடலாம், மகளுக்கு இரவுச் சாப்பாட்டை நானே வாயில் தீத்தலாம். ஒரேயொரு இடம்தான் காலி. இடுப்பில் கைத்துவக்குக் கட்ட வேண்டும். அதற்குப் பொலிஸ் அனுமதியும் வேண்டும், குறிபார்த்துச் சுட்டுப் பாஸ் பண்ணவும் வேண்டும். சோதனைக்கு இரண்டு தடவைதான் விடுவார்கள். இரண்டிலும் கோட்டை விட்டால் திரும்பவும் பிளாஸ்டிக் பூச்சாடி.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பொலிஸ்காரர். சிகரெட்டை விடுகிற முயற்சியில் இருந்தபடியால் எந்த நேரமும் கரட் துண்டைக் கடித்துக்கொண்டிருப்பார். கொம்பனியின் அலுமாரியில் மூன்று விதமான றிவோல்வர் இருக்கிறது, உன் கைக்குப் பொருந்துகிற ஒன்றைத் தெரிந்தெடு, அதன் இலக்கம்தான் உன் அனுமதியில் பதியப்படும் என்று சொல்லி மூன்றின் படமும் போட்ட ஒரு தாளைத் தந்தார். அந்தத் தாளை நான் அங்கேயே கசக்கி எறிந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் குடும்பங்களில் ஒரு சாமானைத் தனி ஆளாகத் தெரிந்தெடுக்கிற வழக்கம் இல்லை. கார் என்றாலும் கட்டில் என்றாலும் ஒரு வான் நிறையச் சனம் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும், வாங்குகிற ஆளைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். கலியாணம் பேசி வந்த மாப்பிள்ளையின் படத்தைச் சுற்றிவரக் கொடுப்பதுபோல அந்தத் தாள் ஞாயிற்றுக்கிழமைச் சபையில் கைக்குக் கை போனது. அத்தான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் அவருடைய சிநேகிதர். வோபர்னில் பலசரக்குக் கடை வைத்து, கூடவே தமிழ்ப் பட வீடியோக் கசெற்றும் வாடகைக்கு விடுகிறவர். துவக்கு விசயத்தில் அத்தானுக்கு அடுத்த பெரிய மூளை அவர்தான்.

அத்தானுக்கு யோசிக்க நேரமே எடுக்கவில்லை. "உதிலை என்ன யோசிக்க இருக்கு? சைக்கிளிலை லேடீஸ் இருக்கு, மணிக்கூட்டிலை லேடீஸ் இருக்கு. இதிலையும் பொம்பிளையளுக்கெண்டு செய்து வைச்சிருப்பான்தானே" என்று, மூன்றிலும் சின்னதாக, குட்டைக் குழலோடு இருந்ததில் விரலை வைத்தார்.

கடைக்காரருக்கும் அதே எண்ணம்தான். தான் வாடகைக்கு விடுகிற கசெற்றுகளில் கதாநாயகிகள் கைப்பையிலிருந்து எடுப்பது இந்தச் சாதித் துவக்கைத்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பாரமில்லாதபடியால் கை நோகாது, சின்னதானபடியால் சுடும்போது வருகிற உதையும் சின்னதாகத்தான் இருக்கும் என்று விஞ்ஞான விளக்கமும் தந்தார். அக்கா, நாள் முழுக்க இடுப்பில் பாரத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று பயந்தார். அடுத்த பிள்ளையைப் பற்றி நானும் கணவரும் இன்னும் கதைக்கவே இல்லை, அதற்குள் துவக்கு அதன் தலையில் ஏறிவிட்டது. என் கணவர் தாளை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் வெறுமையாக இருப்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டு, பக்கத்து ஆளிடம் கொடுத்தார். மனிசனின் அபிப்பிராயம் அவ்வளவுதான்.

நானும் அந்தச் சின்னதையே கேட்டேன். எனக்கும் பார்க்க வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

சுடுகிற இடம் யூனியன்வில்லையும் தாண்டி வடக்கே, பலகைக் கடை ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. முதல் நாள் காதுமூடியை மாட்டி, கண்ணாடியைப் போட்டு, அந்த லேடீஸ் துவக்கை இரண்டு கையாலும் பிடித்து விசையை அழுத்தினேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையில் யாரோ சுத்தியலால் ஓங்கி அடித்ததுபோல இருந்தது. குழல் கூரையைப் பார்த்தது. இரண்டாவது வெடிக்கு முழங்கை வரை விறைத்தது. மூன்றாவதுக்கு அழுத்த முன்னமே என் கண் மூடிவிட்டது. அதற்குப் பிறகு நான் சுட்டதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சாமியை நினைத்துச் சுட்டதுதான். பயிற்சி நாட்கள் முழுக்க இதே கூத்து. முதலாவது சோதனையன்று அட்டையிலிருந்த மனித உருவத்துக்கு ஒரு காயமும் இல்லை, அதற்குப் பின்னாலிருந்த மண்மேடுதான் பாவம்.

தோல் உரிந்த கையோடு வீட்டுக்கு வந்தேன். அத்தான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் பிடித்த பிடிதான் பிழை என்று தீர்ப்புச் சொன்னார். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் எப்படித் துவக்கில் வைப்பது என்று ரீவி றிமோட்டைப் பிடித்துச் செய்து காட்டினார். துவக்கில் பிழை இருக்க முடியாது, ஏனென்றால் அதைத் தெரிந்தெடுத்தது அவர். அக்கா மஞ்சள் பூசிவிட்டு, "நீ ஏன் பிள்ளை உந்தக் கஷ்டம் படுறாய்? குஞ்சை நான் வடிவாப் பாக்கிறன்தானே" என்றார். அன்புதான், வேறொன்றுமில்லை. ஆனால் சுத்தியல் அடியைவிட அது கூடுதலாக நொந்தது.

இரண்டாவது சோதனைக்கு மூன்று கிழமை தந்திருந்தார்கள். அடுத்த முறை போனபோது பயிற்சிக்காரர் ஒரு வேலை செய்தார். எனக்குத் தெரியாமல் துவக்கில் வெடிக்கிற சன்னங்கள் சிலதையும் சில வெற்றுக் கோதுகளையும் கலந்து போட்டுத் தந்தார். நான் அழுத்தினேன். வெற்றுக்கோது வந்தபோது டிக் என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் வெடிக்காத அந்த வெடிக்கே என் இரண்டு கையும் குழலோடு சேர்ந்து கீழே குனிந்து வணக்கம் வைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. உதை வரப்போகிறது என்ற பயத்தில் நானே அதற்கு முன்னால் துவக்கை உதைத்துக்கொண்டிருக்கிறேன். இதை ஏன் எடுத்தாய் என்று அவர் கேட்டார். குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து தெரிந்தெடுத்தது என்றேன். அவர் கரட்டைக் கடிக்கிறதை நிறுத்திவிட்டு, அவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்து சுடுவார்களா என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மற்ற இரண்டையும் கேட்டு வாங்கினேன். நடுத்தரமானதன் கைபிடி தடிப்பம், என் விரல் விசைக்கு எட்டவில்லை. எட்ட வேண்டுமென்றால் கையைத் திருகிப் பிடிக்க வேண்டும், அப்படிப் பிடித்தால் உதை நேரே பெருவிரல் எலும்பில் இறங்கியது. மூன்றாவது நீளக் குழலோடு முழு இரும்பு. தூக்கியவுடன் மணிக்கட்டு இறங்கியது. இதை நான் சுடுகிறதா, இது என்னைச் சுடுகிறதா என்று நினைத்துக்கொண்டுதான் அழுத்தினேன்.

உதைத்தது. ஆனால் அடிக்கவில்லை, தள்ளியது. குழல் கொஞ்சம் எழும்பி, திரும்பவும் தானாக இருந்த இடத்துக்கு வந்தது. மூன்றுக்கும் ஒரே சன்னம், ஒரே வெடி, உதை மட்டும் வேறு. அக்காவின் குசினியில் இருந்த மலிவு கிரைண்டர் சம்பல் அரைக்கத் தொடங்கினால் மேசை முழுக்க நடந்து திரியும், பாரமான பழைய கிரைண்டர் அரைத்தது தெரியாமல் அரைக்கும். பாரம்தான் உதையை விழுங்குகிறது. சின்னதில் விழுங்க ஒன்றும் இல்லை, அதனால் அத்தனையும் என் கைக்கு வந்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, மூன்றையும் ஒருக்கால் சுட்டுப் பார்த்தால் போதும். எங்கள் சபையில் அந்த யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

கைபிடிதான் மிச்சப் பிரச்சினை. பயிற்சிக்காரர் ஒரு பெட்டி நிறையக் கழற்றிய கைபிடிகள் வைத்திருந்தார். வளையல்காரனிடம் அளவு பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தோம். மரம் வழுக்கியது. மெல்லிய றப்பர் ஒன்று என் சின்னக் கைக்குள் அடங்கி நின்றது. விரல் விசைக்கு எட்டியது. கையை எவ்வளவு மேலே ஏற்றிப் பிடிக்கிறேனோ அவ்வளவுக்கு உதை நேரே பின்னால் வந்து தோளில் இறங்கியது, குழல் குதிக்கவில்லை. அதைத்தான் எடுக்கிறேன் என்று நானாகவே சொன்னேன். கனடாவுக்கு வந்த பிறகு ஒருவரையும் கேளாமல் நான் தெரிந்தெடுத்த முதல் சாமான் அது.

வீட்டில் சொன்னதும் செத்தவீடுதான். லேடீஸ் இருக்க ஆம்பிளையளின் துவக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கடைக்காரருக்கு உடனே தொலைபேசியில் சேதி போனது. அத்தான் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் பார்த்து நிச்சயம் பண்ணிய சம்பந்தத்தை நான் தட்டிக் கழித்த மாதிரி இரண்டு நாள் கோபம்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் பொலிஸ் வந்தது. அனுமதி கேட்கிற ஆளின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிப்பது வழக்கமாம். சனிக்கிழமை மத்தியானம் உயரமான ஒரு அதிகாரி, ஒருவரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரும் வந்திருந்தார். சீருடையைக் கண்டதும் எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினவர், அதிகாரி போகும்வரை வெளியே வரவே இல்லை. இடைக்கிடை தண்ணீர் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல மரியாதைதான்.

இந்த வீட்டில் வேறு யாருக்காவது துவக்குப் பழக்கம் உண்டா என்று அதிகாரி கேட்டார். சாதாரணக் கேள்வி. நான் அத்தானைப் பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டுவேன் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொன்ன மனிசன். அத்தானுக்கு வேர்த்துவிட்டது. அவருடைய குடியுரிமை விண்ணப்பம் அப்போது ஏதோ ஒரு அரசாங்க மேசையில் முடிவில்லாமல் கிடந்தது. துவக்கு என்று ஒரு சொல் வாயில் வந்தாலே தன்னைப் பிடித்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கண்டதே இல்லை, தொட்டதே இல்லை, ரீவியில் வந்தாலும் சனலை மாற்றிவிடுவேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கடை நாட்டிலை துவக்கே இல்லை, சேர்" என்று ஆங்கிலத்தில் முடித்தார். அகதி விண்ணப்பம் முழுக்க வெடிச்சத்தமாக எழுதிக் கொடுத்த மனிசன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

உண்மையில் அத்தான் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மானேஜராக இருந்தவர். கையில் பிடித்த ஒரே ஆயுதம் சீனி அள்ளுகிற கோப்பை. எங்களுக்குப் பல வருடமாக மறைத்த உண்மையை அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரனிடம் நடுங்கிக்கொண்டு சொன்னார்.

அதுவரைக்கும் ஒன்றும் கெடவில்லை. கடைசியாக என் கணவரின் முறை. உங்கள் மனைவி துவக்கு வைத்திருப்பதில் உங்களுக்கு ஏதாவது பயம், ஆட்சேபனை உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கலியாண வீடுகளில் எங்கள் ஆண்கள் ஆளுக்கொரு தரம் சொல்லிச் சிரிக்கிற பகிடி ஒன்று இருக்கிறதே, வீட்டில் மனிசிக்குத்தான் பயம் என்று. வருசம் முழுக்க வாய் திறக்காத மனிசனுக்கு அன்றைக்குப் பகிடி விட வேண்டும்போல இருந்திருக்கிறது. "துவக்கு இல்லாமலே எனக்கு இவவிலை பயம்தான், சேர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடினார். என் கணவரிடம் மிகவும் மெல்லிய குரலில், தயவுசெய்து என்னோடு குசினிக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

குசினிக் கதவு சாத்தப்பட்டது. உன்னை எப்போதாவது அடித்திருக்கிறாளா, இரவில் பயமில்லாமல் நித்திரை கொள்கிறாயா, போவதற்கு வேறு இடம் வேண்டுமா என்றெல்லாம் அதிகாரி கேட்டாராம். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. விசர் மனிசா என்று குசினிக்குக் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் முடிந்தது கதை. பல்லைக் கடித்துக்கொண்டு, கோயிலில் தேவாரம் கேட்கிற பெண்ணைப்போல முகத்தை வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சாந்தமாக இருந்ததில்லை. இதைத் தான் பதிய வேண்டியிருக்கிறது, மேலதிகாரி பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்று அதிகாரி போகும்போது சொன்னார். வேலை கொடுக்கவிருந்த கொம்பனியோ மாத முடிவுக்குள் அனுமதி வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தது.

கார் சத்தம் அடங்கியதும் கத்தினேன். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்த எல்லாவற்றையும் கத்தினேன். அத்தான் நைசாக மேலே போனார். என் கணவர், பகிடியெண்டு விட்டனான் என்று மட்டும் முணுமுணுத்தார். என் பிள்ளை எனக்கு இல்லாமல் போகிறாள், உனக்குப் பகிடி கேட்குதோ என்றேன். அன்றைக்குத்தான் அதை முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். அக்கா படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை இவர் வேலைக்கு லீவு போட்டார். கலியாண நேரம் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். விட்ட பகிடியை மேலதிகாரிக்கு விளங்கப்படுத்தப் போனது உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது, என்னைப் பாராமல், சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "இவ என்னை எப்பிடி அடிக்கிறது, சேர்? நான் வேலைக்குப் போகேக்கை இவ நித்திரை. நான் வரேக்கை இவ வேலையிலை. இவ வரேக்கை நான் நித்திரை. சண்டை பிடிக்கிறதுக்கும் ரெண்டுபேரும் ஒரு நேரத்திலை வீட்டிலை நிக்கோணும்தானே எண்டு சொன்னனான்."

மேலதிகாரி எழுதுவதை நிறுத்தி, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டாராம். பிள்ளை பிறந்த நாளிலிருந்து என்றாராம் இவர். அனுமதி அந்தக் கிழமையே வந்தது. இன்னும் கொஞ்சம் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு திட்ட மனம் வரவில்லை.

இரண்டாவது சோதனையன்று பயம் இருந்தது. ஆனால் பயம் துவக்கில் இல்லை, பாஸ் பண்ணாமல் போய்விடுவேனோ என்பதில்தான். அந்தப் பாரமான இரும்பைக் கைபிடியின் உச்சியில் இறுக்கிப் பிடித்தேன். அழுத்தினேன், தள்ளியது, திரும்பி வந்தது. அழுத்தினேன், தள்ளியது, திரும்பி வந்தது. கண் மூடவில்லை. முடிந்ததும் பயிற்சிக்காரர் அட்டையை இழுத்து, நெஞ்சுப் பக்கம் கிழிந்து கிடந்ததைப் பார்த்து, கரட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைகொடுத்தார். என் கை அவருடைய கைக்குள் காணாமல் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் சபையில் பேசியதைப் பேஸ்மென்றில் இருந்து கேட்டேன். "பாரமானதை எடு எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். பாரமெண்டாத்தான் உதையாது." கடைக்காரர் அதை ஆமோதித்தார். துவக்கே இல்லாத நாட்டிலிருந்து வந்த மனிசனுக்கு எவ்வளவு ஞானம். நான் வாயைப் பொத்திக்கொண்டு உடுப்பு மடித்தேன். வேலை கிடைத்துவிட்டது, இனி யார் தெரிந்தெடுத்தால் என்ன.

புது வேலையின் முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. கதவைத் திறந்தோம், பையை ஏற்றினோம், பையை இறக்கினோம். பின்னேரம் துவக்கைக் கொம்பனியில் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் போக முன்னமே வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பக்கத்து வீடுகளில் யார் யாரோ புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலே மேசையில் மகள் இருந்தாள். அக்கா அவளுக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் குழைத்துத் தீத்திக்கொண்டிருந்தார். மகள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல நல்ல பணிவாகக் கேட்டாள்.

"நீங்கள் எப்ப போவீங்கள்?"

போகமாட்டன், இனிப் பின்னேரத்தில் வீட்டிலைதான் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. உண்மையா என்று அறிய அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா தலையை ஆட்டினார். "ஓம் குஞ்சு, அம்மா இனி நிப்பா" என்று சொல்லிப் புட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினார். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அங்கே கழுவுவதற்கு ஒரு கரண்டிகூட இருக்கவில்லை.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து புட்டை எடுத்து உருட்டினேன். மகள் வாயைத் திறக்கவில்லை. கதை சொன்னால்தான் சாப்பிடுவாளாம். சரி, சொல்லுகிறேன், என்ன கதை வேண்டும் என்று கேட்டேன்.

"நேத்துச் சொன்னதின்ரை மிச்சம்."

நேற்று என்ன சொல்லப்பட்டது, முந்தாநாள் என்ன சொல்லப்பட்டது, அந்தக் கதை எங்கே தொடங்கி எதில் வந்து நிற்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை காத்திருந்தாள். உருட்டிய புட்டைத் திரும்பக் கோப்பையில் வைத்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டேன். "இஞ்சை ஒருக்கால் வாங்கோ. மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ, நான் தீத்திறன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்கு எதிர்க் கதிரையில் இருந்தார்.